பெரியம்மாவின் கொம்பும் மூன்று தட்டுகளும்

படம் ஓடி ஏழு வருஷம் ஆன சினிமாக் கொட்டகையில் 'அரங்கு நிறைந்தது' பலகை தொங்கியது.

உள்ளே கதாநாயகன் இல்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தணல் சட்டி, ஒரு வெள்ளைக் கோட்டு. கோட்டுக்குள் கொம்பு வைத்தியர். அவ்வளவுதான். அதற்கே பால்கனி வரை தலைகள்.

விடிந்தும் விடியாமலும் வரிசை ஆரம்பிக்கும். தெருமுனைச் சலவைக் கடையைச் சுற்றி வளைந்து, தபால் நிலைய வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். தூக்கம் வராதவர்கள் நின்றார்கள். தூங்கினால் எழுந்திருக்காதவர்களும் நின்றார்கள். கணக்கில் தேறாத மகனைக் கையோடு இழுத்து வந்த அப்பா நின்றார். மாமியாரின் வாயை அடக்க மருந்து தேடி வந்த மருமகள் நின்றாள். அவளுக்கு நாலு ஆள் பின்னால், அதே மருந்தைத் தேடி அவள் மாமியார் நின்றாள். எல்லோருக்கும் ஒரே பொட்டலம். உள்ளே ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி. காண்டாமிருகக் கொம்புப் பொடி.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்பார்கள். வைத்தியர் போட்டார். ஒரே பொட்டலத்தில் போட்டார். தலையில் முடி முளைக்கும், முழங்காலில் வலி போகும் என்றார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உறுப்புகளுக்கு என்னென்ன ஆகும் என்பதை ஆண்களுக்குத் தனியாகச் சொன்னார்.

சந்தேகப் பேர்வழிகளுக்காக வாசனைச் சோதனை இருந்தது. பொடியைத் தணலில் தூவுவார். புகை எழும். "இந்த வாசனை உலகத்துல வேற எந்தப் பொருளுக்கும் கிடையாது, மக்களே. நூறு பொருளைக் கொண்டு வந்து கொட்டுங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு மோந்தே அசலைச் சொல்றேன்" என்பார். கூட்டம் மூக்கை நீட்டி உறிஞ்சும். முன்வரிசைக்குப் புகை அதிகம் கிடைக்கும் என்பதால் முன்வரிசைச் சீட்டுக்கு விலையும் அதிகம்.

அந்தப் புதன்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் அரக்காரி. சீட்டு வாங்கியது அவள் புருஷன். அவள் வந்தது அவருடைய தொல்லை தாங்காமல்.

அரக்காரி என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு அரம் செருகியிருக்கும். இரும்பைத் தேய்க்கிற அதே அரம்தான். அவள் தேய்ப்பது இரும்பு அல்ல, நகம். ஊர் உயிரியல் பூங்காவில் இருக்கும் ஒரே காண்டாமிருகத்துக்குப் பத்தொன்பது வருஷமாக அவள்தான் எல்லாம்.

அந்தக் காண்டாமிருகத்தை வேலைக்காரர்கள் பெரியம்மா என்று அழைத்தார்கள். முப்பத்தெட்டு வயது, இரண்டு டன் எடை, மங்கலான இடது கண், பிடிவாதம். இதற்குமேல் பொருத்தமாக ஒரு பெயர் கிடைக்காது. "பெரியம்மாவுக்கு நகம் வெட்டணும், நேரமாச்சு" என்று அரக்காரி காலையில் கிளம்பும்போது, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரி ஆறு மாதம் வரை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று உருகிப்போயிருந்தாள்.

சேற்றில் நடக்கப் பிறந்த கால், சிமெண்டுத் தரையில் நடந்தால் நகம் கோணலாக வளரும். அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் பெரியம்மா ஒருக்களித்துப் படுப்பாள். வாய்க்குள் ஒருத்தர் வாழைப்பழமாகத் தள்ளிக்கொண்டே இருக்க, அரக்காரி நகத்தை ராவுவாள். உதிரும் தூளைத் தாளில் கூட்டுவாள். கொம்பை உரசிக்கொள்ள நட்டிருக்கும் மரக்கட்டையின் அடியில் சிந்தியிருக்கும் கொம்புத் தூளையும் தனியாகக் கூட்டுவாள். மிருக டாக்டர் எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு இருவர் கண்முன் எரித்துவிடுவார். ஒரு சிட்டிகை வெளியே போகக் கூடாது. அதற்கு எங்கேயோ ஒரு விலை இருக்கிறது. விலை இருந்தால் ஆள் வருவான். ஆள் வந்தால் துப்பாக்கியோடு வருவான்.

ஆக, பத்தொன்பது வருஷம், வாரம் ஒருமுறை, அசல் காண்டாமிருகக் கொம்பு எரிகிற வாடையை மோந்தவள், டாக்டரை விட்டால், அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். பாவம், வைத்தியருக்கு அது தெரியாது.

மேடையில் புகை எழுந்தது. கூட்டம் உறிஞ்சியது. அரக்காரியும் உறிஞ்சினாள். அவளுக்கு முதலில் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. அடடா, அசல்தான் போலிருக்கிறதே என்று நினைத்தாள். இரண்டாவது மூச்சில் வேறொன்று ஞாபகம் வந்தது. அவள் வீட்டு அடுப்பில் ஒருநாள் அவள் பின்னலின் நுனி தீய்ந்தபோது வந்த வாடை. மூன்றாவதாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்மூடி, கைகூப்பி, புகைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்தார்.

அவர் தையல்காரர். மூக்கால் பிழைக்கிறவர் என்றே சொல்லலாம். கோட்டுத் துணி வந்தால் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டி, மோந்து பார்ப்பார். முடி கருகிய வாடை வந்தால் சுத்தக் கம்பளி. பிளாஸ்டிக் வாடை வந்தால் கலப்படம். முப்பது வருஷத்தில் ஒரு மொத்த வியாபாரியும் அவரை ஏமாற்றியதில்லை. அந்த மூக்கு கடையைச் சாத்தும்போது கடையிலேயே தங்கிவிடும் போலிருக்கிறது. மூன்று வாரமாக அவர் பொட்டலம் குடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி பாதி குறைந்திருந்தது. மேடையேறி மைக்கில் சொல்லவும் சொன்னார். வைத்தியரின் நட்சத்திர நோயாளியே அவர்தான்.

அன்றைக்கும் அவரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் முழங்காலை மடக்கி, நீட்டி, மடக்கிக் காட்டினார். கைதட்டல். பிறகு வைத்தியர் குரலைத் தாழ்த்தினார். கையில் இருக்கிற கொம்பு தீரப் போகிறது என்றார். கூட்டம் அதிர்ந்தது. ஆனால் கவலை வேண்டாம், இதே ஊரில் ஒரு கொம்பு இருக்கிறது, யாருக்கும் பயனில்லாமல் ஒரு கிழட்டு மிருகத்தின் மூக்கில் வீணாகிக்கொண்டிருக்கிறது என்றார்.

அரக்காரிக்குக் கை தானாக இடுப்பு அரத்துக்குப் போனது.

முன்வரிசையின் நடுவில் இருந்து பூங்காவின் தலைவர் எழுந்தார். வழுக்கை என்று சொன்னால் அது குறைவு. அந்தத் தலையில் மேடை விளக்கு முழுசாகத் தெரிந்தது. இரண்டு மாதமாக அவரும் பொட்டலம் குடிக்கிறவர். இடது காதுக்கு மேல் மூன்று முடி முளைத்திருப்பதாக அவரும், அவரிடம் வேலை பார்க்கிறவர்களும் நம்பினார்கள். மக்கள் நலனுக்காக வரும் திங்கட்கிழமை காலை கொம்பு எடுக்கப்படும் என்று அவர் அறிவித்தார். வைத்தியர் மைக்கை வாங்கி ஒரு திருத்தம் சொன்னார்.

"வேரோட எடுக்கணும், தலைவரே. மேலால வெட்டினா வீரியம் இருக்காது."

கொட்டகை இடிகிற மாதிரி கைதட்டல்.

மறுநாள் காலை அரக்காரி டாக்டர் அறையில் நின்றாள். டாக்டர் தலைவரின் கையெழுத்தாகாத உத்தரவைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கொம்பின் நுனியை வெட்டினால் நகம் வெட்டுகிற மாதிரிதான், மறுபடி வளரும் என்றார். உள்ளே எலும்பே கிடையாது, நகமும் முடியும் எதனால் ஆனதோ அதேதான் கட்டியாகி நிற்கிறது என்றார். ஆனால் வேரோடு என்றால் முகத்தையே தோண்ட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்து, முகத்தைத் தோண்டினால் பெரியம்மா எழுந்திருக்க மாட்டாள்.

"ராஜினாமா எழுதி வெச்சுட்டேன்" என்றார் டாக்டர். "நான் செய்ய மாட்டேன். ஆனா வேற ஆளைக் கூட்டிட்டு வருவாங்க."

"நீங்க போயிட்டா அவளுக்கு ஊசி போட வர்றவன் கசாப்புக் கடைக்காரனாத்தான் இருப்பான், டாக்டர். அந்தக் காகிதத்தைக் கிழிங்க முதல்ல."

டாக்டருக்கு ஒரு யோசனை இருந்தது. பொட்டலத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். எருமைக் கொம்பாகத்தான் இருக்கும். போலி என்று சான்றிதழ் வாங்கி ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

அரக்காரி ஜன்னல் வழியே பார்த்தாள். கூண்டு வேலியில் ஏற்கெனவே கூட்டம். யாரும் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, கொம்பைப் பார்த்தார்கள். ஒருத்தர் கையால் அளந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மாள், சாணமாவது கிடைக்குமா என்று துப்புரவுப் பணியாளரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"போலின்னு சொல்லாதீங்க, டாக்டர்" என்றாள். "போலின்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? அசல் எங்கேன்னு கேப்பாங்க. அசல் என் கூண்டுல இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். இருபது வருஷம் படித்தவருக்கு இது தோன்றவில்லை.

"போலிக்கும் அசலுக்கும் வித்தியாசமே இல்லைன்னு காட்டணும். ரெண்டும் ஒண்ணுக்கும் ஆகாதுன்னு அந்த ஆள் வாயாலயே வரணும்."

வேலிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை உண்டு. அதில் உலகத்துக் காண்டாமிருகங்கள் ஐந்து வகை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய எத்தனை மிச்சம் என்று எழுதியிருக்கும். பெயர்கள் பெயின்டில், எண்கள் சாக்கட்டியில். பெயர் மாறாது, எண் மாறும் என்பதால் அந்த ஏற்பாடு. வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் சொல்லச் சொல்ல அரக்காரி எண்களை அழித்து எழுதுவாள். வெள்ளை பதினாறாயிரத்தை ஒட்டி. அதில் வடக்கத்தி வெள்ளை என்ற கிளையில் இரண்டே இரண்டு. அம்மாவும் மகளும், ஆணே இல்லை. கறுப்பு ஆறாயிரத்துச் சொச்சம். பெரியம்மாவின் இனமான பெரிய ஒற்றைக்கொம்பு நாலாயிரம். இருநூறுக்குக் கீழே போனதை ஆள் வைத்துக் காவல் காத்துக் காப்பாற்றியது. ஜாவா ஐம்பது, அதுவும் இருந்தால். சுமத்ரா ஐம்பதைத் தொடாது. கடைசி இரண்டு வகையையும் ஆளுக்கொரு பஸ்ஸில் உட்கார வைத்துவிடலாம். நின்றுகொண்டு வர ஒன்றுகூட இருக்காது. நூறு வருஷத்துக்கு முன்னால் எல்லாமாகச் சேர்த்து ஐந்து லட்சம் என்கிறார்கள். காட்டை வெட்டி வயல் போட்டது ஒருபக்கம். மீதியை இந்த ஊர்க் கொட்டகை மாதிரி ஆயிரம் கொட்டகைகள் குடித்துத் தீர்த்தன.

பலகையின் கடைசி வரி: 'எதிரிகள்: குட்டிக்குப் புலி, சிங்கம். பெரியதற்கு மனிதன்.' அந்த மனிதர்கள்தான் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொம்பை அளந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தையல்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அரக்காரி வெந்நீர் வைத்து, தைலம் எடுத்துவந்து, முழங்காலை நீவிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததில்லை என்று அவர் நெகிழ்ந்தார்.

"கால் நகமெல்லாம் என்னங்க இப்படி வளர்ந்து கிடக்கு?"

"அதுக்கு எங்க நேரம், இவளே? நாளைக்கு மேடையில என்னைத்தான் முதல்ல பேசச் சொல்லியிருக்காங்க."

அவள் அரத்தை எடுத்தாள். பெரியம்மாவுக்கு எடுக்கிற அரம் அல்ல, அதன் தங்கை. பத்து விரலையும் பதமாக ராவினாள். அவர் சொக்கிப்போய், பெரியம்மா கொடுத்துவைத்தவள் என்றார். உதிர்ந்த தூளை அவள் தாளில் கூட்டி, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். குப்பையில் போடாமல் ஏன் முடிகிறாய் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் நாளைய பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிறு காலை பதினோரு மணி. கொட்டகைக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தது. தலைவர் மேடையில், அவர் முன்னால் கொம்பு எடுக்கும் உத்தரவு, கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டோ எடுக்க வசதியாக அதை மேடையிலேயே போடுவதாக ஏற்பாடு. பேனாவைத் திறந்தும் வைத்துவிட்டார்.

வைத்தியர் தணல் சட்டி முன் நின்று வழக்கமான சவாலைச் சொன்னார். நூறு பொருளைக் கொண்டு வந்து கொட்டுங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்தே அசலைச் சொல்கிறேன்.

"நூறு வேணாம், வைத்தியரே. மூணு போதும்."

அரக்காரி மேடையில் ஏறிவிட்டாள். பின்னால் டாக்டர், கையில் மூன்று தகரத் தட்டும் மூன்று உறையும். முதல் உறையில் அன்று காலை டிக்கெட் கவுண்ட்டரில் வாங்கிய வைத்தியரின் பொட்டலம் என்றார் டாக்டர். இரண்டாவதில் பெரியம்மாவின் கொம்புத் தூள், எடை போட்டு, முத்திரை வைத்தது, மிச்சமின்றி இங்கேயே எரிக்கப்படும், பதிவேடு இதோ. மூன்றாவதில் காண்டாமிருகமே இல்லாத வேறு ஒன்று. ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் டாக்டர் சீட்டுக் குலுக்கி வரிசை மாற்றுவார். எந்தத் தட்டில் என்ன என்று எழுதிய சீட்டு தலைவரின் சட்டைப் பையில் இருக்கும். நாளைக்கு எடுக்கப் போகிற கொம்பு எந்தத் தட்டில் எரிகிறது என்று வைத்தியர் சொல்ல வேண்டும். மூன்று முறை.

வைத்தியர் ஒரு கணம் அவள் இடுப்பு அரத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் விசிலடித்தது. தினமும் தானே ஊதி வளர்த்த பலூன். இப்போது கயிற்றை விட முடியாது.

"எதுக்கு மூணு தடவை, தாயே? ஒரு தடவை போதுமே."

"ஒரு தடவைன்னா கண்ணை மூடிக் கல் விட்டாலும் மாங்காய் விழும், வைத்தியரே."

தலைவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். போட்டோ இன்னும் நன்றாக வரும்.

வைத்தியரின் சொந்தக் கைக்குட்டையாலேயே அவர் கண்ணைக் கட்டினார்கள். முதல் சுற்று. மூன்று தட்டு, மூன்று புகை. வைத்தியர் மோந்தார். தலையை ஆட்டினார். மறுபடி மோந்தார். கையை உயர்த்தி, "நடுத்தட்டு" என்றார்.

தலைவர் சீட்டைப் பிரித்தார். நடுத்தட்டு: பெரியம்மா.

கொட்டகை அலறியது. தலைவர் பேனாவைக் கையில் எடுத்தார். தையல்காரர் மேடை ஓரத்தில் நின்றபடி பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில், ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று எழுதியிருந்தது.  காக்கை உட்காரப் பனம்பழம் விழும் என்று அரக்காரிக்குத் தெரியும். ஆனால் அந்தப் பனம்பழம் பெரியம்மாவின் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு இருக்கு, தலைவரே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. டாக்டர்தான் போய்த் தலைவரின் பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

இரண்டாவது சுற்று. இப்போது வைத்தியருக்குத் தெம்பு வந்திருந்தது. மூன்றாவது தட்டின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. இரண்டு கையாலும் புகையை அள்ளி நெஞ்சில் பூசிக்கொண்டார்.

"இதுதான். போன தடவையைவிட இப்போ இன்னும் தெளிவா இருக்கு. என்ன ஒரு வீரியம்! இது சாதாரண மிருகம் இல்ல, மக்களே, தெய்வப் பிறவி. எலும்புக்குள்ள இறங்குது பாருங்க."

தலைவர் சீட்டைப் பிரித்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். மூன்றாவது தட்டு: வேறு ஒன்று.

விசில் நின்றது. பெரியம்மா முதல் தட்டில் கேட்பாரற்றுப் புகைந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில் வைத்தியர் நீண்ட நேரம் மோந்தார். தணலில் நீர் தெளித்த மாதிரி கோட்டு முதுகில் வேர்வை படர்ந்தது. முதல் தட்டு என்றார். இல்லை, நடுத்தட்டு என்றார். சீட்டு, நடுவில் இருப்பது அவருடைய சொந்தப் பொட்டலம் என்றது. தாய்க்குலம் மேடையேறியதால் கொம்புக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவர் கட்டை அவிழ்த்துக்கொண்டு விளக்கம் சொன்னார். பத்தொன்பது வருஷமாக ஒரு பெண்தான் அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்பதைக் கொம்பு கவனிக்கவில்லை போலிருக்கிறது.

கூட்டம் இரண்டுங்கெட்டானாக நின்றது. நம்பிக்கை என்பது காலணி மாதிரி. கடிக்கிறது என்று தெரிந்தாலும் தெருவில் கழற்ற வெட்கம். அப்போது தையல்காரர் மேடையின் நடுவுக்கு வந்தார்.

"நகருங்க. நான் மோந்து பாக்கிறேன்."

வைத்தியருக்கு உயிர் வந்தது. தன் நட்சத்திர நோயாளி அல்லவா. தட்டுகளை அவரே நகர்த்திக் கொடுத்தார். தையல்காரர் பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மோப்பத்துக்குக் கண்ணாடி எதற்கு என்றால், கடையில் அப்படித்தான் செய்வார். முதல் தட்டை மோந்தார். இரண்டாவதை மோந்தார். மூன்றாவதை மோந்துவிட்டு மறுபடி முதலுக்குப் போனார்.  அவர் முகத்தில் இருந்து பக்தன் மெல்ல இறங்கிப்போய், முப்பது வருஷத் தொழில்காரர் ஏறி உட்கார்ந்தார்.

"மூணும் ஒண்ணுதான்" என்றார்.  "சுத்தக் கம்பளி. ஆட்டு முடி தீஞ்சா வர்ற வாடை. இதைத்தான் நான் தினமும் கடையில மோந்துக்கிட்டு இருக்கேன். மூணு வாரமா இங்க வந்து, புதுசா மோக்கிற மாதிரி மோந்திருக்கேன்."

"ரெண்டாவது சுற்றுல வைத்தியர் தெய்வப் பிறவின்னாரே, அந்தத் தட்டுல இருந்தது என்ன தெரியுமாங்க?" என்றாள் அரக்காரி.

"என்ன?"

"நேத்து சாயங்காலம் உங்க கால்ல ராவினது."

முதலில் சிரித்தது பால்கனி. பிறகு கீழே. தையல்காரர் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். பத்தும் பளபளவென்று இருந்தன. தெய்வப் பிறவியின் நகங்கள்.

ஆனாலும் பிடிவாதம் சுலபத்தில் சாகுமா? நாலாவது வரிசையில் ஒருத்தர் எழுந்தார். இந்த ஆள் பொடி போலியாகவே இருக்கட்டும், அசல் கொம்பில் ஏதோ இருக்கத்தான் செய்யும், முன்னோர்கள் முட்டாள்களா என்று கேட்டார். பத்துப் பதினைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. இந்தக் கேள்விக்காகத்தான் அரக்காரி மூன்று நாளாகக் காத்திருந்தாள்.

"அசலும் இங்கதாங்க எரிஞ்சுது, உங்க மூக்குக்கு முன்னாடி. என் வீட்டுக்காரர் கால் நகத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் வைத்தியருக்கே தெரியலை. உங்க முழங்காலுக்குத் தெரியுமா? அதுல இருக்கிறதுதான் இதுலயும் இருக்கு. அப்படியும் ஆசை விடலைன்னா, எதுக்குங்க ஒரு மிருகத்தைக் கொல்லணும்? ஆளுக்கு இருபது விரல் இருக்கு. கடிச்சுக்கோங்க."

தையல்காரருக்கு முழங்கால் வலி குறைந்தது உண்மைதானே என்று ஒரு குரல். முப்பது வருஷமாகத் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காத கால், மூன்று வாரமாகப் பொட்டலம் வாங்கத் தினமும் இங்கே நடந்து வந்து நடந்து போனது என்றாள் அவள். நடந்தால் கால் தேறும். அதற்குக் கொட்டகை வரைதான் நடக்க வேண்டும் என்று இல்லை. தையல்காரர் முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இந்தப் பேச்சு நடக்கும்போதே வெள்ளைக் கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. உள்ளே இருந்தவரைக் காணோம். ஆனால் அந்தக் கொட்டகையின் 'வெளியே' என்று எழுதிய கதவு படம் ஓடிய காலத்திலிருந்தே திறக்காது. படம் பார்த்த ஊருக்கெல்லாம் அது தெரியும், வெளியூர் ஆளுக்குத் தெரியாது. கதவைக் குத்திக்கொண்டிருந்த இடத்திலேயே பிடித்தார்கள். பைக்குள் ஒரு விமானச் சீட்டு இருந்தது. திங்கட்கிழமை மாலைக்கு, ஒரு ஆளுக்கு. கொம்பு எடுக்கிற அன்றைக்கே. இந்த ஊர் முழங்கால்கள் எல்லாம் எருமைக் கொம்புக்குத்தான் லாயக்கு. அசல் கொம்பு வேறெங்கோ, தங்கத்தைவிட அதிக விலை கொடுக்கிற பெரிய மனிதர்களின் முழங்காலுக்குப் போக இருந்தது. டிக்கெட் கவுண்ட்டருக்குப் பின்னால் சாம்பல் நிறத் தூள் மூட்டைகள் கிடந்தன. மூட்டையில், எருமைக் கொம்பில் சீப்பு செய்கிற ஒரு பட்டறையின் முத்திரை. ஊரே இரண்டு மாதமாகச் சீப்பைக் கரைத்துக் குடித்திருந்தது.

தலைவர் அந்த முத்திரையை வெகுநேரம் பார்த்தார். தலையில் முடி இல்லாதவர். சீப்பு வாங்கி எத்தனை வருஷமோ. வாங்காத சீப்புக்கெல்லாம் சேர்த்துக் குடித்துவிட்டார். அவர் உத்தரவை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பிறகு கிழித்தார். தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாகப் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். காதுக்கு மேலே மூன்று முடி இருந்த இடத்தை அவர் கை தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, கொம்பு போயிருக்க வேண்டிய நேரத்தில், பெரியம்மா சேற்றில் புரண்டு எழுந்து மரக்கட்டையில் கொம்பை உரசிக்கொண்டிருந்தாள். இரண்டு மைல் நடந்து தையல்காரர் வந்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் பெண்டாட்டி வேலை செய்யும் இடத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மன்னிப்பு கேட்கிறவருக்கு உரிய குரலில், பெரியம்மாவுக்கு வாழைப்பழம் தான் கொடுக்கலாமா என்று கேட்டார்.

அதற்குள் வேலியருகே ஒரு புதுக் கூட்டம் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே முகங்கள். ஒருத்தர் குரலைத் தாழ்த்தி அரக்காரியிடம் கேட்டார், கொம்பு விஷயம் மோசடிதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் பக்கத்துக் கூண்டு ஆமையின் ஓட்டுக்கு ஏதோ சக்தி உண்டாமே?

அரக்காரி திரும்பி நடந்தாள். உள்ளே போய்ச் சாக்கட்டியை எடுத்துவந்து, தகரப் பலகையில் 'எதிரிகள்' என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். சாக்கட்டியில்தான் எழுதினாள். மாறினால் அழித்துக்கொள்ளலாம் என்று. இன்றுவரை அழிக்கும்படி ஆகவில்லை.

'இதற்கு மூக்குக்கு மேலே கொம்பு இருக்கிறது. உங்களுக்கு மூக்குக்கு மேலே மூளை இருக்கிறது. இது தன்னுடையதைத் தினமும் தீட்டுகிறது.'